தேதியை மாற்றலாம், இல்லையேல் ஊரை மாற்றலாம்!

உலகின் முன்னணி பாட்மிண்டன் வீரர்களுள் ஒருவரான டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆன்டன்சென், 2026 ஜனவரியில் தில்லியில் நடைபெற்ற இந்திய ஓபன் போட்டிக்கு வரவில்லை. அவருக்குக் காயம் ஏதும் இல்லை. தில்லியின் கடுமையான காற்று மாசு விளையாடுவதற்கு உகந்ததல்ல என்பதுதான் அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். வராமல் போனதற்காக விதிக்கப்பட்ட 5,000 டாலர் அபராதத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். இதே போட்டியிலிருந்து அவர் விலகியது அது தொடர்ந்து மூன்றாவது ஆண்டு.

உலக பாட்மிண்டன் சம்மேளனத்தின் விதிப்படி, ஒற்றையர் தரவரிசையில் முதல் 15 இடங்களில் இருப்பவர்களும், இரட்டையரில் முதல் 10 இடங்களில் இருக்கும் இணைகளும் 'சூப்பர் 1000', 'சூப்பர் 750' நிலைப் போட்டிகளில் கட்டாயம் பங்கேற்க வேண்டும். தகுந்த காரணமின்றி விலகினால் அபராதம். இந்திய ஓபன் 2023 முதல் 'சூப்பர் 750' நிலையில் இருப்பதால், அதில் ஆட மறுப்பவர் பணம் கட்டித்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தியா வந்து கோப்பையுடன் திரும்ப வேண்டும் என்று வீரர்கள் விரும்பிய காலம் ஒன்று இருந்தது. அதே போட்டிக்கு வராமலிருக்க ஒருவர் தொகை செலுத்துகிறார் என்றால், இடையில் என்ன நேர்ந்தது என்று பார்க்கத்தானே வேண்டும்?

இந்திய ஓபன் பழம்பெருமை வாய்ந்த போட்டி அல்ல. இங்கிலாந்தில் 1899 முதல் நடக்கும் ஆல் இங்கிலாந்து போட்டியோடு ஒப்பிட்டால், இது நேற்றுப் பிறந்த குழந்தை. 1980-இல் பிரகாஷ் படுகோனும் 2001-இல் புல்லேலா கோபிசந்தும் அந்த ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றபோதும்கூட, உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வரவழைக்கும் பெரும் போட்டி என்று ஒன்று நம்மிடம் இல்லை. 2008-இல்தான் 'கிராண்ட் பிரீ கோல்ட்' என்னும் இரண்டாம் நிலைத் தகுதியோடு இந்திய ஓபன் ஹைதராபாதில் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆடவர் ஒற்றையர் பட்டத்தைத் தாய்லாந்தின் பூன்சக் பொன்சானா பெற்றார். அடுத்த ஆண்டு, ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்தோனேசியாவின் தௌஃபிக் ஹிதாயத் வென்றார்.

2009-இல் அதே ஹைதராபாதில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியும் நடைபெற்றது. பயங்கரவாத அச்சுறுத்தலைக் காரணம் காட்டி இங்கிலாந்து அணி அதிலிருந்து விலகிச் சென்றது. அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்பதைப் போட்டி அமைதியாக நடந்து முடிந்ததே மெய்ப்பித்தது. அன்று இந்தியாவிடம் சொல்வதற்கு நியாயமான பதில் இருந்தது. இன்று ஆன்டன்சென் சொல்லும் காரணத்துக்கு அப்படியொரு பதில் நம்மிடம் இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. அச்சுறுத்தலை மறுக்கலாம், கண்ணெதிரே நிற்கும் புகைமூட்டத்தை எப்படி மறுப்பது?

மூன்றாம் ஆண்டான 2010-இல் போட்டி சென்னைக்கு வந்தது. ஜூன் மாதம் நடந்த அந்தப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை சாய்னா நெவால் வென்றார். அதோடு நிற்காமல் அடுத்தடுத்து சிங்கப்பூர், இந்தோனேசியா ஓபன் பட்டங்களையும் அதே மாதத்தில் கைப்பற்றினார். அவரது பெயர் நாடெங்கும் வீட்டுப் பெயராக மாறிய அந்த மாதம், சென்னையில் தொடங்கியது என்பதைத் தில்லியின் விளையாட்டு நிர்வாகிகள் மறந்துவிட்டிருக்கலாம்.

தில்லிக்குப் போட்டி இடம் பெயர்ந்தது 2011-இல். காமன்வெல்த் விளையாட்டுக்காகச் சிரி ஃபோர்ட்டில் கட்டப்பட்ட அரங்கம் அப்போது புதுமெருகு குலையாமல் இருந்தது. அந்தக் களத்தில்தான் 2010 அக்டோபரில் சாய்னாவும், ஜுவாலா கட்டா - அஸ்வினி பொன்னப்பா இணையும் தங்கம் வென்றிருந்தனர். உலகச் சம்மேளனம் தனது முதல்நிலைத் தொடரான 'சூப்பர் சீரிஸ்' பட்டியலிலிருந்து சுவிட்சர்லாந்து ஓபனை விலக்கிவிட்டு, அந்த இடத்தை இந்தியாவுக்கு அளித்தது. பரிசுத் தொகை 2,00,000 டாலர். முதல் தில்லிப் போட்டியின் ஆடவர் இறுதியில் மலேசியாவின் லீ சோங் வெய்யும் டென்மார்க்கின் பீட்டர் காடேவும் மோதினர். டி.வி.யில் மட்டுமே பார்த்துப் பழகிய இரு மேதைகளை நேரில் காணும் வாய்ப்பு தில்லி ரசிகர்களுக்கு வாய்த்தது. லீ சோங் வெய் வென்றார். 2013, 2014 ஆம் ஆண்டுகளிலும் அவரே வென்றார். இடையில் 2012-இல் மட்டும் கொரியாவின் சோன் வான் ஹோ அவரை இறுதியில் வீழ்த்தினார். மகளிர் பிரிவில் 2013-இல் பட்டம் வென்ற தாய்லாந்தின் ராட்சனோக் இன்டனானுக்கு அப்போது வயது 18 தான். சில மாதங்களில் அவர் உலகச் சாம்பியனும் ஆனார்.

இந்தப் போட்டியின் பொன்னாள் எது என்று கேட்டால், 2015 மார்ச் 29 என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மகளிர் பட்டத்தை சாய்னாவும், ஆடவர் பட்டத்தை ஸ்ரீகாந்த் கிடாம்பியும் வென்றனர். சாய்னா ராட்சனோக்கை நேர் செட்களில் வென்றார். ஸ்ரீகாந்த், பின்னாளில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வெல்லவிருந்த டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சென்னிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் கைப்பற்றினார். அதற்கு முந்தைய நாள் அரையிறுதியில் ஸ்பெயினின் கரோலினா மாரின் தோற்றபோதே, உலகத் தரவரிசையில் முதலிடம் சாய்னாவுக்கு என்பது உறுதியாகிவிட்டது. இந்தியப் பெண் ஒருவர் அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை. அது நிகழ்ந்தது தாய்நாட்டு ரசிகர்களின் முன்னால் என்பதுதான் விசேஷம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரல் 2 அன்று இன்னொரு கணக்கு தீர்க்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் பி.வி. சிந்துவைத் தோற்கடித்த அதே மாரினை, சிரி ஃபோர்ட் அரங்கில் சிந்து 21-19, 21-16 என்று வென்றார். அதே வாரம் காலிறுதியில் சாய்னாவும் சிந்துவும் எதிரெதிரே நின்றதும், சிந்து வென்றதும், இந்திய பாட்மிண்டன் வரலாற்றில் தலைமுறை மாற்றத்தின் அடையாளமாக நிலைத்துவிட்ட ஆட்டம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சிறு விவரம் இருக்கிறது. 2011 முதல் 2017 வரை தில்லியில் நடந்த ஏழு போட்டிகளும் மார்ச் இறுதியிலிருந்து மே மாதத் தொடக்கத்துக்குள் நடைபெற்றவை. குளிர் விலகி, வெயில் முற்றுவதற்கு முன்னரோ முற்றத் தொடங்கிய வேளையிலோ அமைந்த வாரங்கள் அவை. அந்நாளில் தில்லியின் காற்று மலைக்காற்று போலத் தூய்மையாக இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும், காற்றின் பொருட்டு முன்னணி வீரர்கள் விலகுவது என்ற பேச்சே அன்று எழவில்லை.

2018-இல் உலகச் சம்மேளனம் போட்டிகளின் அமைப்பை மாற்றியபோது, இந்திய ஓபன் 'சூப்பர் 500' நிலையைப் பெற்று, ஜனவரி இறுதிக்கும் நகர்ந்தது. அந்த ஆண்டு மகளிர் இறுதியில் சிந்து வெற்றியின் விளிம்பு வரை வந்து, அமெரிக்காவின் பெய்வென் ஜாங்கிடம் மூன்றாவது செட்டை 20-22 என்று இழந்தது ரசிகர்களுக்கு நெடுநாள் ஆறாத வருத்தம். 2019-இல் போட்டி மீண்டும் மார்ச்சுக்குத் திரும்பியது, அரங்கமும் மாறியது. சிரி ஃபோர்ட்டிலிருந்து இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் உள்ள கே.டி. ஜாதவ் அரங்குக்கு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தை வென்ற மல்யுத்த வீரரின் பெயரால், காமன்வெல்த் மல்யுத்தப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட அரங்கம் அது. மல்லர்களுக்காகக் கட்டியதில் இறகுப் பந்தாடுவது தவறில்லை. ஆனால், ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று எடை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படும் பந்தோடு ஆடும் விளையாட்டுக்கு அரங்கின் காற்றோட்டமும் வெப்பநிலையும் எவ்வளவு முக்கியம் என்பதை யாரேனும் யோசித்தார்களா என்பதுதான் கேள்வி.

பிறகு கரோனா வந்தது. 2020 மார்ச் 24-இல் தொடங்கவிருந்த போட்டி ரத்தானது; அன்று நள்ளிரவில்தான் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. 2021 மே மாதப் போட்டி இரண்டாம் அலையில் அடிபட்டுப் போயிற்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற அந்தப் போட்டியை நம்பியிருந்த சாய்னாவும் ஸ்ரீகாந்தும், அதையடுத்து மலேசிய, சிங்கப்பூர் போட்டிகளும் கைவிடப்பட்டதால், வாய்ப்பை முற்றாக இழந்தனர். 2022-இல் போட்டி ரசிகர்கள் இன்றி நடத்தப்பட்டது. தொற்று காரணமாக ஸ்ரீகாந்த் உள்ளிட்ட ஏழு இந்தியர்கள் நடுவிலேயே விலக நேர்ந்தது. ஆளில்லாத அந்த அரங்கில்தான் லக்ஷயா சென், உலகச் சாம்பியனாக இருந்த சிங்கப்பூரின் லோ கீன் யூவை வீழ்த்தினார். சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி - சிராக் ஷெட்டி இணை, இந்தோனேசியாவின் முகமது அஹ்சான் - ஹேந்திரா செத்தியவான் என்ற பழம்பெரும் இணையை வென்றது. நான்கே மாதங்களில் இந்தியா முதன்முறையாகத் தாமஸ் கோப்பையைக் கைப்பற்றியபோது, அந்த அணியின் தூண்களாக நின்றவர்களில் இந்த மூவரும் இருந்தனர். கைதட்ட ஒருவர்கூட இல்லாமல் போன வெற்றிகள் அவை என்பது வரலாற்றின் வேடிக்கை.

அந்த 2022 முதல் போட்டி ஜனவரியிலேயே நிலைபெற்றுவிட்டது. 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டு அட்டவணையில் இந்திய ஓபனுக்கு 'சூப்பர் 750' தகுதி கிடைத்தது. பரிசுத் தொகை 2025-இல் 9,50,000 டாலர். 2011-இல் இருந்ததைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. பெருமைப்படத்தக்க உயர்வுதான். ஆனால், இந்த உயர்வோடு சேர்ந்து ஜனவரி என்ற மாதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. கோலாலம்பூரில் மலேசிய ஓபன், அடுத்த வாரம் தில்லி, அதற்கடுத்த வாரம் ஜகார்த்தாவில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ் என்று ஆசியப் பயணத்தை ஒரே மூச்சில் முடிப்பதற்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. பயண வசதியைக் கருதிப் போட்ட கணக்கில், நடுவில் இருக்கும் நகரத்தின் குளிர்காலம் எப்படிப்பட்டது என்பது விட்டுப்போயிற்று.

தில்லிவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துப் படிந்திருக்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்கிறது. காற்றின் வேகமும் குறைந்துவிடுகிறது. வாகனப் புகையும் ஆலைப் புகையும் கட்டுமானத் தூசியும் மேலெழ வழியின்றி மக்கள் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. உள்ளரங்கம் என்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவதற்கும் இடமில்லை. நுண்துகள்களுக்குக் கதவும் சுவரும் பெரிய தடையல்ல.

பாட்மிண்டனுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. பதினாறு இறகுகளால் ஆன, ஐந்து கிராம் அளவே எடையுள்ள பந்து அது. குளிர்ந்த, அடர்த்தியான காற்றில் அது மெதுவாகப் பறக்கும். வேகம் கூடிய பந்துகளைத் தேர்ந்து ஓரளவு ஈடுகட்டலாமே தவிர, முற்றிலும் சரிசெய்ய முடியாது. பந்து மெதுவாகப் போனால் ஒவ்வொரு புள்ளிக்குமான ஆட்டம் நீளும். ஆட்டம் நீண்டால் மூச்சு வாங்கும். ஓய்வாக அமர்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கும் ஆட்டக்காரர், அதே அளவுக்கு மாசையும் உள்ளிழுக்கிறார்.

2017 டிசம்பரில் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இலங்கை கிரிக்கெட் வீரர்கள் முகக் கவசம் அணிந்து களத்தில் நின்றதும், டெஸ்ட் ஆட்டம் இடைஇடையே தடைபட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அன்று அது நாடகம் என்று கேலி பேசியவர்கள் நிறையப்பேர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், பள்ளி, கல்லூரிகளில் அந்த மாதமும் டிசம்பரிலும் நடக்கவிருந்த விளையாட்டுப் போட்டிகளைத் தள்ளிவைக்குமாறு காற்றுத் தர மேலாண்மை ஆணையமே அறிவுறுத்தியது. மாணவர்கள் ஓடியாடக் கூடாத காற்று என்று அரசு அமைப்பே சொன்ன நகரத்துக்கு, அடுத்த சில வாரங்களில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைக் கட்டாயத்தின் பேரில் வரவழைத்தோம். இதிலுள்ள முரண்பாட்டை ஆன்டன்சென் சுட்டிக்காட்டித்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டுமா?

காற்று மட்டுமே குறை என்றால் இயற்கையின் மீது பழியைப் போட்டுவிடலாம். டென்மார்க் வீராங்கனை மியா பிளிச்ஃபெல்ட் 2025-இலேயே அரங்கில் பறவைகள், அவற்றின் எச்சம், அசுத்தம் என்று குறைகளை அடுக்கினார். 2026-இல் போட்டி கே.டி. ஜாதவ் அரங்கிலிருந்து, 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட பெரிய இந்திரா காந்தி உள்ளரங்குக்கு மாற்றப்பட்டது. பிளிச்ஃபெல்ட் மீண்டும் குறை சொன்னார். அவர் கூறியது பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட அரங்கைப் பற்றித்தான், போட்டி அரங்கைப் பற்றியல்ல என்று இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்தின் ஈரம் காய்வதற்குள், எச்.எஸ். பிரணாய் - லோ கீன் யூ ஆட்டம் போட்டி அரங்கிலேயே பறவை எச்சம் விழுந்து நிறுத்தப்பட்டது. பார்வையாளர் பகுதியில் குரங்கு ஒன்று காணப்பட்ட காட்சியும் உலகெங்கும் பரவியது.

பயிற்சி அரங்கம் என்றால் அசுத்தமாக இருக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒரு வாரம் தங்கி, குறை கூறிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். தில்லியின் உள்ளரங்குகளில் அதிகாலையிலும் மாலையிலும் பயிற்சி பெறும் பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அபராதம் செலுத்தி விலகிக்கொள்ளும் வழி அவர்களுக்கு இல்லை. இந்திய வீரர்கள் யாரும் இப்படிக் குறை சொல்வதில்லையே என்று சிலர் வாதிடக்கூடும். தமது வாழ்க்கையே சார்ந்திருக்கும் சங்கத்தை எதிர்த்துப் பேசும் வாய்ப்பு அவர்களுக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

2022-க்குப் பிறகு 2026 வரை இந்தியர் எவரும் இந்தப் பட்டத்தை வெல்லவில்லை என்பதற்கும் காற்றுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. கொரியாவின் ஆன் செ யங் 2023, 2025, 2026 என மூன்று முறை இங்கு வென்றதற்கு அவரது ஆற்றலே காரணம். 2024-இல் சாத்விக் - சிராக் இணை இறுதி வரை வந்தது. நம்மவர் வெல்லாத ஆண்டுகளிலும் போட்டிக்கு மதிப்புண்டு. வர வேண்டியவர்கள் வந்தால்தான் அந்த மதிப்பு நிலைக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தில்லியில்தான் நடத்த வேண்டும் என்றால், மார்ச் இறுதியோ ஏப்ரலோ கேட்டுப் பெற வேண்டும். ஏழு ஆண்டுகள் வெற்றிகரமாக நடந்த காலம்தான் அது. ஜனவரியைத் தவிர வேறு வாரம் இல்லை என்று உலகச் சம்மேளனம் கைவிரித்தால், ஊரை மாற்றலாம். தூதரகங்கள், நேரடி விமானங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள், தலைநகர் என்ற மதிப்பு ஆகியவை தில்லிக்குச் சாதகமானவைதாம். ஆனால், உலகச் சாம்பியன்ஷிப்பையே நடத்திக் காட்டிய ஹைதராபாத் இருக்கிறது. பிரகாஷ் படுகோனின் பெங்களூரு இருக்கிறது. லக்னௌவில் சையது மோடி நினைவுப் போட்டியும், குவாஹாட்டியில் மாஸ்டர்ஸ் போட்டியும் நடக்கின்றன. பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறாத ஜனவரி மாதம் சென்னைக்கும் பொருத்தமானதே. போகிப் புகை ஒரு நாள் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மூன்று மாதம் நீடிப்பதில்லை.

2026 போட்டி முடியும் முன்னரே உலகச் சம்மேளனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. புகைமூட்டமும் குளிரும் அந்த வாரம் சவாலாக அமைந்தன என்றும், தூய்மையிலும் விலங்கு, பறவைகளைத் தடுப்பதிலும் மேம்பாடு தேவை என்றும் அது ஒப்புக்கொண்டது. உலகச் சாம்பியன்ஷிப் தில்லிக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆகஸ்டில் இந்தப் பருவநிலைச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இராது என்றும் அதில் கூறப்பட்டது. ஆகஸ்டில் இராது என்றால், ஜனவரியில் இருக்கும் என்பதுதானே பொருள்? அட்டவணையை வகுத்தவர்களே அதை எழுத்தில் தந்துவிட்ட பிறகு, மாற்றுத் தேதி கோரும் கடிதத்தை எழுதுவதற்கு இந்திய பாட்மிண்டன் சங்கத்துக்கு வேறு ஆதாரம் தேவைப்படாது. 2023-இல் தொடங்கிய நான்காண்டு அட்டவணை 2026-உடன் முடிவடைகிறது.